நத்தைகளுக்காக வாங்கிய குளிரூட்டும் இன்குபேட்டர்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நன்னீர் நத்தைகளிலிருந்து ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்களின் செர்கேரியா எனப்படும் வாலுள்ள இளம்புழுக்கள் எந்த வெப்பநிலையில் எவ்வளவு வெளியேறுகின்றன என்று எண்ணுவதற்காக, சிங்கப்பூரிலுள்ள எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு 2021இல் ஓர் இன்குபேட்டர், அதாவது உள்ளே வெப்பநிலையை ஒரே அளவில் வைத்திருக்கும் பெட்டி, வாங்கினோம். வெப்பமூட்டும் வசதி மட்டுமே உள்ள மலிவான பெட்டியை விடுத்து, குளிரூட்டும் கம்ப்ரஸரும் சேர்ந்ததைக் கேட்டு வாங்கியது நல்லதாயிற்று. இங்கே சூடாக்குவது பெரிய வேலையில்லை. பகலில் வெளியே 31, 32 பாகை செல்சியஸ் சாதாரணம். வார இறுதியில் கட்டடத்தின் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டால் அறையும் அதை நோக்கி ஏறும். 20 பாகையில் இருக்க வேண்டிய நத்தைகளை, சூடாக்க மட்டும் தெரிந்த பெட்டி காப்பாற்றாது.

தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி பெற்றுச் சேகரித்த மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா நத்தைகளையே பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். மீன்தொட்டி வைத்திருப்போர் வேண்டாம் என்று சொல்லியும் நீர்ச்செடிகளோடு வீட்டுக்கு வந்து சேரும் அதே கூர்ஊசி நத்தைதான். நத்தை தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் உயிர் அன்று. தண்ணீர் சூடாகும்போது, நத்தையின் உடலுக்குள் பெருகும் ரீடியாக்களும் (செர்கேரியாவுக்கு முந்தைய புழுநிலை) செர்கேரியாக்களை விரைவாக உருவாக்குகின்றன. ஆனால் வெளியேறியபின் செர்கேரியா எதையும் உண்பதில்லை. உடலில் சேமித்த கிளைகோஜன் என்னும் ஆற்றல் இருப்பு தீரும்வரைதான் அதன் ஆயுள், சூட்டில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். இதை அறிந்திருந்தும் தொடக்கத்தில் எண்ணும் வேலையை மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்து, 30 பாகைத் தட்டில் உயிருள்ளவை குறைவாக இருப்பதைக் கண்டு, வெப்பம் வெளியேற்றத்தைக் குறைக்கிறது என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தோம்.

பெட்டியின் மீது எனக்குள்ள பெரிய குறை, அதன் திரை காட்டும் எண் உள்ளிருக்கும் காற்றின் வெப்பநிலையே தவிர, நத்தை இருக்கும் நீரின் வெப்பநிலை அன்று என்பதுதான். உள்விசிறி ஓயாமல் சுழல்வதால் மூடாத குழித்தட்டுகளில் நீர் ஆவியாகி, திரை 30 என்று காட்டும்போதும் நீர் அதைவிடக் குளிர்ந்தே இருந்தது. மூடி போட்டு, ஒரு குழியில் தனி வெப்ப உணரியை நிரந்தரமாக ஊன்றி வைத்த பிறகுதான் எண்ணிக்கைகள் நாளுக்கு நாள் ஒத்துவரத் தொடங்கின. விளக்கிலும் இதே சிக்கல் உண்டு. பல இனங்களில் வெளியேற்றத்தைத் தூண்டுவது ஒளிதான். பழைய குழல் விளக்கோ ஒளியோடு சூட்டையும் கொடுத்து மேல்தட்டை மட்டும் சூடாக்கியதால், எது ஒளியின் விளைவு, எது வெப்பத்தின் விளைவு என்று பிரிக்க முடியவில்லை. எல்இடி பட்டைகளுக்கு மாறி, எல்லா வெப்பநிலைகளுக்கும் ஒரே ஒளிநேரத்தை வைத்தோம்.

நத்தைகளைக் குளிரிலிருந்து நேரே சூட்டுக்கு மாற்றினால், அந்த மாற்றமே முதல் நாளில் ஒரு திடீர்ப் பெருக்கத்தை ஏற்படுத்தக்கூடும். ஆகவே புதிய வெப்பநிலையில் ஒரு வாரம் பழக விட்ட பிறகே எண்ணுகிறோம்; நத்தை இறப்பையும் சேர்த்தே குறிக்கிறோம், ஏனெனில் நாளொன்றுக்கு அதிகம் வெளியிடும் நத்தை சில வாரங்களில் செத்துவிட்டால் மொத்தக் கணக்கு வேறு.

மூன்றாம் ஆண்டில் கதவின் ரப்பரில் பூஞ்சை பிடித்துக் காற்று கசிந்தது, மாற்றிவிட்டோம். நீர் வடியும் தட்டை வாரம் இருமுறை காலி செய்ய வேண்டும். கம்ப்ரஸர் சத்தம் அதிகம்தான், ஆனாலும் இதுவரை நின்றதில்லை. இரண்டாவது பெட்டிக்கு இப்போது விண்ணப்பித்திருக்கிறேன். நீரில் இறக்கும் உணரியை முதல் நாளிலேயே சேர்த்துத் தருமாறு இம்முறை கேட்டிருக்கிறேன்.