கேழ்வரகு அலச ஒரு வலைக்கூடை

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில், கேழ்வரகை முளைகட்டுமுன் அலசுவதற்கென்று எவர்சில்வர் வலைக்கூடை ஒன்றை வாங்கினேன். கேழ்வரகு மணி 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் என்பதால், அரிசி களையும் துளைக்கூடையில் பாதி தண்ணீரோடு ஓடிவிடும். இதன் நெருக்கமான வலையிலோ ஒரு மணிகூட நழுவவில்லை. முதல் தண்ணீர் செம்மண் கரைசலாக இறங்கியது. ஐந்தாவது அலசலில்தான் தெளிந்தது. கல் மட்டும் கனமாதலால் மணியோடு அடியிலேயே தங்கிவிடுகிறது. அதற்கு நம் பாட்டிமார் செய்ததுபோல் அரித்துத்தான் எடுக்க வேண்டும். இரவு முழுதும் ஊறிய தானியத்தை அதிலேயே ஈரத்துணி மூடி வைத்தேன். காற்றோட்டம் இருந்ததால் புளித்த வாடையின்றி மறுநாளே வெண்முளை எட்டிப்பார்த்தது. விளிம்பை மடிக்காமல் கூராக விட்டிருப்பது பெருங்குறை, என் விரலே கிழிந்தது. வாங்குவோர் கடையிலேயே தடவிப் பார்த்து வாங்குவது நல்லது.