நீச்சல் குள ஏணிக்கு 316 கிரேடு எஃகு என்று சொல்லி 202 கொடுத்துவிட்டார்கள்

நீலாங்கரையில் கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் அடுக்ககம். போன வருடம் நீச்சல் குளத்துக்கு இரண்டு ஏணியும் ஒரு கைப்பிடியும் வாங்கினோம். சங்கப் பொருளாளராக இருந்து வாங்கியது நான்தான். 46,000 ரூபாய், எல்லா வீட்டுக்காரர்களும் போட்ட பணம்.

"கடல் பக்கம் சார், 304 தாங்காது. ஒரிஜினல் 316 போட்டுத் தரேன்" என்றார் கடைக்காரர். 304, 316 எல்லாம் எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கிரேடு எண்கள். சொன்னது சரிதான். 316-இல் 2 சதவீதத்துக்கு மேல் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கும். குளோரினும் உப்புக் காற்றும் எஃகைப் பொத்தல் போடாமல் பெருமளவு காப்பது அதுதான். பொருத்திய அன்று பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஏணியில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. நானும் நம்பிவிட்டேன்.

ஐந்தாவது மாதம், நாலாவது மாடிக் குழந்தை "அங்கிள், கால்ல ஏதோ குத்துது" என்று வந்து நின்றது. உள்ளங்காலில் ஒரு கீறல். தண்ணீரில் இறங்கி, படிக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். வெல்டிங் வைத்த இடமெல்லாம் சொரசொரவென்று துரு. திருகின் தலை பாதி கரைந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடி சுவரில் சேரும் இடத்திலிருந்து வெள்ளை டைல்ஸ் மேல் டீ கொட்டியது போல ஒரு கோடு.

கடைக்காரரைக் கூப்பிட்டோம். "மெயின்டனன்ஸ் இல்ல சார்" என்று சொல்லி, துரு எடுக்க இன்னும் 6,500 வாங்கினார்கள். இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்கள், அப்புறம் பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். அன்றைக்குப் பளபளத்தது. மூன்றே வாரத்தில் முன்பைவிட மோசம். எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருப்பதே மேலே இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால்தான். அந்த ஆசிட் படலத்தையே அரித்துவிடும். கம்பி பிரஷ் விட்டுப்போகும் இரும்புத் துகளும் தனியாகத் துருப்பிடிக்கும். இது அவர்களுக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

கடைசியில் ஒரு துண்டை வெட்டி, உலோகம் சோதிக்கும் லேபில் கொடுத்தோம். நிக்கல் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், மாங்கனீஸ் 9, மாலிப்டினம் பேருக்குக்கூட இல்லை. 316 இல்லை, 304-கூட இல்லை, 202! காந்தம் 202-லும் பெரும்பாலும் ஒட்டாது. அந்தச் சோதனையால் எந்த கிரேடு என்று சொல்லவே முடியாது.

ரிப்போர்ட்டைக் காட்டினால், "பில்லைப் பாருங்க சார்" என்கிறார். பில்லில் 'எஸ்.எஸ். ஏணி - 2' என்றுதான் இருக்கிறது. வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் நீங்களும் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்கப் போகிறவர்கள் பில்லில் 'எஸ்.எஸ். 316' என்று எழுதச் சொல்லுங்கள். திருகு, நட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து. மாலிப்டினம் சோதிக்கும் சொட்டு மருந்து கிடைக்கிறது, அதை அவர்கள் எதிரிலேயே விட்டுப் பாருங்கள். நல்ல 316-ஆக இருந்தாலும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், கடல் காற்று அதையும் சும்மா விடாது. ஏற்கெனவே ஏணி போட்டிருந்தால், பிள்ளைகள் இறங்குமுன் இன்றைக்கே படிக்கு அடியில் தடவிப் பாருங்கள்.