கண்ணாடிக்கு நூற்றுக்கு நூறு, தலைப்பட்டைக்கு முட்டை

விலை இறங்கியதிலிருந்து ஒரே கேள்விதான். "அண்ணே, வெல்டிங்குக்கு நீங்க போடுற அந்த ஆட்டோ ஹெல்மெட் இப்ப 99 வெள்ளிதானாம், எடுத்துடட்டுமா?" என்று பாமாயில் ஆலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார். அவருக்கு முன்னாலும் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் வாங்கும்போது அது 180 வெள்ளி (ரிங்கிட்). ஆட்டோ என்றால், வெல்டிங் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி தானாகக் கறுத்துக்கொள்ளும். ஆளுக்கொரு பதில் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். போன வாரம்தான் அதைத் தலையில் பிடித்து நிறுத்தும் தலைப்பட்டை ஒன்றை மறுபடியும் வாங்கி மாட்டினேன். அந்தக் கடுப்பு இன்னும் அடங்கவில்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் பட்டறை மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், தாமானின் (குடியிருப்பின்) கடைசி வரிசையில். கேட், கிரில், தோட்டத்து டிராக்டருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர், செம்பனைக் குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி, இதுதான் அன்றாடம். தைப்பூசத்துக்கு முன்னால் மட்டும் காவடிச் சட்டம் வரும். பெரும்பாலும் 2.6 மில்லிமீட்டர் 6013 வெல்டிங் ராடு, 70, 80 ஆம்பியர். அதற்கு மேல் அபூர்வம். ஹெல்மெட்டின் விவரமெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது: சும்மா இருக்கும்போது ஷேட் (கறுப்பின் அளவு) 4, தீப்பொறி விழுந்ததும் 9 முதல் 13 வரை, முன்னால் சென்சார், கீழே சோலார் பட்டை, உள்ளே ஒரு நாணய பேட்டரி. அதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை.

முதலில் நியாயமாகச் சேர வேண்டிய பாராட்டு. கண்ணாடி அருமை. பழைய தூக்கு ஹெல்மெட்டில் ராடை இடத்தில் வைத்துவிட்டு, தலையை ஒரு வெட்டு வெட்டி மூடியை இறக்குவோம் இல்லையா, அந்த ஒரு வெட்டில் ராடு நுனி அரை விரல் தள்ளிப் போயிருக்கும். கிரில் வேலையில் ஒரே நாளில் எத்தனை டேக் (சின்னச் சின்னப் புள்ளி வெல்டு) அடிக்கிறோம்! சாயங்காலம் பிடரி கல்லாக இருக்கும். இதில் மூடி இறங்கியபடியே இருக்கிறது. பச்சை நிறத்தில் மங்கலாக ராடு நுனியும் தெரிகிறது, கம்பிகள் சேரும் மூலையும் தெரிகிறது. அங்கேயே தொட்டுத் தட்டினால் போதும். எனக்குப் பிடரி வலி போனது. அதைவிடப் பெரிய லாபம், பட்டறைப் பையன்கள் "ஒரு டேக்தானே" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பி அடிக்கும் பழக்கம் நின்றது. மூடியைத் தூக்கி இறக்குவது தொல்லை என்பதால்தான் அப்படிச் செய்தார்கள். தொல்லை போனதும் அந்தப் பழக்கமும் போய்விட்டது.

அப்படி அடித்தவர்களுக்கு அன்றைய ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரியும். வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. ஆறு மணி, பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நல்ல தூக்கத்தில், கண்ணுக்குள் ஒரு பிடி மணலைக் கொட்டித் தேய்த்ததுபோல் எரிச்சல் தொடங்கும். ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது, வெயிலில் முதுகுத் தோல் உரிகிற அதே கதைதான். பொதுவாக ஓரிரு நாளில் ஆறிவிடும். அதற்குள் வீட்டுப் பெரியவர்கள் உருளைக்கிழங்கு வில்லை வை, தாய்ப்பால் இரண்டு சொட்டு விடு என்பார்கள். கிழங்கின் குளிர்ச்சி இதமாக இருக்கும், அவ்வளவே. பச்சைக் காயத்தில் கண்டதையும் விடுவது கிருமியை விருந்துக்கு அழைப்பதுதான். கிளினிக்குக்குப் போங்கள். அங்கே மரத்துப்போக ஒரு சொட்டு விட்டதும் சொர்க்கம்போல் இருக்கும். அந்த மருந்தைக் கேட்டு வீட்டுக்கு வாங்கி வராதீர்கள். திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறுவது தள்ளிப்போகும்.

கடை முதலாளி தவுக்கே பெருமையாகச் சொல்வது "25,000-இல் ஒரு பங்கு விநாடியில் கறுக்கும்" என்பதை. சரி, நல்லது. அவர் சொல்லாமல் விடுவது அதைவிட முக்கியம். புற ஊதா, அகச்சிவப்பு இரண்டையும் தடுக்கும் வடிகட்டி அந்தக் கண்ணாடியிலேயே நிரந்தரமாக இருக்கிறது. கறுத்தாலும் கறுக்காவிட்டாலும் அது வேலை செய்யும். பேட்டரி செத்துப்போய் ஒரு தடவை கறுக்காமல் விட்டால் கண் கூசும், கொஞ்ச நேரம் எதிரே பச்சைப் புள்ளி ஆடும். கருவிழி வெந்துபோகாது. அதற்காகக் கறுக்காத ஹெல்மெட்டோடு வேலையைத் தொடரலாம் என்று அர்த்தமில்லை. காலையில் சென்சிட்டிவிட்டியைக் கூட்டி வெயில் பக்கம் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பேன். கறுத்தால் வேலை, கறுக்காவிட்டால் பேட்டரி.

ஒரு சின்னக் குறை. டிரெய்லருக்கு அடியில் படுத்து வேலை செய்யும்போது சேசிஸ் கம்பி சென்சாரை மறைத்துவிட்டால் கண்ணாடி 'பளிச்' என்று திறந்துகொள்ளும். காவடிச் சட்டத்துக்கு 2.0 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ராடு போட்டு 45 ஆம்பியரில் ஓட்டும்போதும் சில சமயம் தடுமாறும். சென்சிட்டிவிட்டியைக் கூட்டி, தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் சரியாகிவிடும். ஈப்போ குனோங் சீரோ கோயிலுக்குப் போகும் காவடிக்காரர்கள் கடைசி வாரத்தில்தான் அளவு கொண்டுவருவார்கள் என்பது வேறு கதை. அதற்கு ஹெல்மெட் பொறுப்பில்லை.

இப்போது தலைப்பட்டை.

பின்மண்டையில் திருகும் குமிழ் ஒன்று இருக்கிறதே, அதைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். பல் ஒவ்வொன்றும் அரிசி முனை அளவு. வாங்கிய புதிதில் 'டிக் டிக்' என்று இறுக்கமாகப் பிடித்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் காலை பத்து மணிக்கே நெற்றிப் பட்டை பிழியாத துணிபோல் ஊறிவிடும். வியர்வை வழுக்க, முன்பாரம் இழுக்க, குமிழ் தானாக ஒரு பல் பின்னால் போகும். ஹெல்மெட் மூக்குத்தண்டில் வந்து உட்காரும். கண்ணாடி உதட்டுக்கு நேரே இருக்கும், கண்ணுக்கு நேரே கறுப்பு பிளாஸ்டிக் சுவர். மேலே தள்ளிவிட்டால் இன்னும் இரண்டு டேக் தாங்கும், மறுபடி இறங்கும். பக்கத்துத் திருகுகளும் அப்படித்தான். தூக்கி வைத்தால் நிற்காது, கிரைண்டரை எடுக்கக் குனிந்தால் 'தொப்' என்று முகத்தில் விழும்.

இது வெறும் எரிச்சல் என்றால் நான்கு கெட்ட வார்த்தையோடு விட்டிருப்பேன். எந்தக் கையால் அதை மேலே தள்ளுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். இடது கை கம்பியை அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது கையில் ஹோல்டர், ஹோல்டரில் ராடு. அந்த வலது கையின் கையுறை முதுகால்தான் எல்லாரும் தள்ளுகிறார்கள், என் பையன்களும் அப்படித்தான் செய்தார்கள். ராடு காதுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. பலர் நினைப்பதற்கு நேர்மாறாக, ஆர்க் எரியாத அந்த நேரத்தில்தான் வோல்ட் அதிகம். எரியும்போது இருபது, இருபத்தைந்து வோல்ட்தான். சும்மா பிடித்திருக்கும்போது மெஷினைப் பொறுத்து 60 முதல் 80 வோல்ட் வரை ராடு நுனியில் காத்திருக்கிறது. காய்ந்த தோலுக்கு அது சுருக் என்று இருக்கலாம். வியர்வையில் நனைந்த தோல் மின்சாரத்தைத் தாராளமாக உள்ளே விடும். அதிலும் மெஷினின் இன்னொரு முனையான எர்த் கிளிப் மாட்டிய கேட் மேல் சாய்ந்துகொண்டு, மத்தியான மழையில் ஈரமான சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஏசி கொடுப்பது, அதில் ஆபத்து இன்னும் அதிகம். இப்போதைய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் சிலவற்றில் விஆர்டி என்று ஒரு வசதி இருக்கிறது, ஆர்க் இல்லாதபோது வோல்ட்டைக் குறைத்துவைக்கும். மெஷின் வாங்குகிறவர்கள் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆகவே பட்டறையில் இப்போது நடப்பது: ஹெல்மெட்டைத் தொடும் முன் ராடைக் கழற்றிவிட வேண்டும். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி, ஒன்று வேலையில், ஒன்று வெயிலில். காலுக்குக் கீழே காய்ந்த பலகை. இவ்வளவு ஏற்பாடும் எதற்கு என்று பார்த்தால் பாதிக்கு மேல் அந்தக் குமிழுக்காக! விநாடியை 25,000 துண்டாக வெட்டத் தெரிந்தவனுக்கு ஒரு பல்சக்கரம் ஒழுங்காக வார்க்கத் தெரியவில்லையா? தெரியும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட அது உதவாது, அவ்வளவுதான் விஷயம்.

மாற்றுத் தலைப்பட்டை ஈப்போவில் 35 வெள்ளி. அதுவும் அதே அச்சில் வார்த்ததுதான். கடைசியில் எனக்குக் கைகொடுத்தது மோட்டார் சைக்கிள் டியூப். பழைய டியூபில் ஒரு விரல் அகலத்துக்கு வளையம் வெட்டி, குமிழைச் சுற்றிப் பட்டையோடு சேர்த்து மாட்டினால் பல் பின்னால் நகராது. நெற்றிப் பட்டைக்குப் பழைய துண்டில் உறை தைத்து, நனைந்ததும் மாற்றிக்கொள்கிறேன். தைத்துக் கொடுத்தது வீட்டம்மா. 180 வெள்ளி சாமானுக்கு நான் துணி தைக்க வேண்டுமா என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

புகை விஷயத்தில் ஹெல்மெட்டைக் குறை சொல்ல முடியாது. அது அதன் வேலையும் இல்லை. ஆனால் முகம் மூடியிருக்கிறதே, புகை உள்ளே வராது என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். கீழே இருந்து நேராக உள்ளே வரும், வெளியே போக வழியும் குறைவு. வெல்டிங் புகையையும் அதன் புற ஊதாக் கதிரையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 2017-இல் கூடி எடுத்த முடிவு. நமக்கு உடனே காட்டுவது ஜிஐ பைப். துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும், ராத்திரி குளிர் ஜுரம், உடம்பு வலி, வாயில் செம்புக் காசு சுவை. மறுநாள் தணிந்துவிடுவதால் பால் குடித்ததால்தான் சரியானது என்று பாலுக்குப் பெயர். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் தணியும். சேருமிடத்தில் இரண்டு பக்கமும் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். விசிறியைப் பக்கவாட்டில் வையுங்கள், தலையைப் புகைக்கு மேலே நீட்டாதீர்கள். துணி மாஸ்க்கால் பயனில்லை, புகைத் துகளுக்கான பி2 மாஸ்க் வேண்டும். காவடிச் சட்டத்தில் வரும் ஸ்டெயின்லெஸ் புகையில் குரோமியம் வேறு இருக்கிறது. இங்கே ஹெல்மெட்டுக்கு இன்னொரு மதிப்பெண் குறைக்கிறேன். தாடைப் பக்கம் ஆழம் பத்தாது, மாஸ்க் போட்டால் உள்ளே இடித்து மேலே தூக்குகிறது. குமிழ் இன்னும் சீக்கிரம் நழுவுவதற்கு அது ஒரு காரணம்.

கழுத்தும் அப்படியே திறந்து கிடக்கும். காலர் வைத்த பருத்திச் சட்டை போடுங்கள். கால்பந்து ஜெர்சி வேண்டவே வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் இல்லை, நடுவில் ஒரு கேன்வாஸாவது தொங்கவிடுங்கள்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். 99 வெள்ளி என்றாலும் வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். என்னுடையதை யாராவது விலைக்குக் கேட்டால் கொடுப்பேனா என்றால், அதுவும் மாட்டேன். அந்தக் கண்ணாடிக்குக் கண் பழகிவிட்டது, திரும்பவும் தலையை வெட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது. இரண்டும் எப்படி ஒரே வாயில் வருகிறது என்று கேட்டால், டியூப் வளையம் வெட்டிய கை இன்னும் கறுப்பாக இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

ஆலைத் தம்பிக்கு மட்டும் தனியாக ஒன்று. ஆலை வேலைக்குத்தான் என்றால் உங்கள் காசில் எதற்கு வாங்குகிறீர்கள்? 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, சட்டம் கேட்கும் பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் முதலாளி காசு வாங்கக் கூடாது. 2024 ஜூன் 1 முதல் அந்தச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும் வந்துவிட்டது, என் பட்டறை உட்பட. ஸ்டோரில் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெளிவேலைக்கு என்றால் கடைக்குப் போய்ப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். நெற்றியையும் பட்டையையும் தண்ணீரால் நன்றாக நனைத்துக்கொண்டு மாட்டி, மாஸ்க்கோடு பத்துத் தடவை குனிந்து நிமிருங்கள். தவுக்கே முறைப்பார், முறைக்கட்டும். கண்ணாடி கண்ணுக்கு நேரே நின்றால் எடுங்கள். இறங்கினால் பக்கத்துக் கடையில் வேறு மாடல் இருக்கும், அதையும் நனைத்துப் பாருங்கள்.