அறுகோணத் துண்டுகளை மடிக்க நூலா, பசையா?

ஒட்டுத்துணிப் போர்வைக்கு அறுகோணங்களைக் கையால் இணைக்கத் தொடங்குபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான்: துண்டுகளை இணைத்து முடிக்கும்வரை உள்ளே இருக்கும் அறுகோண அட்டைமேல் துணியின் ஓரத்தை மடித்து நிறுத்த ஓட்டுத் தையலா (நூலால் போடும் தற்காலிகத் தையல்), பசைப் பேனாவா? துணியை அட்டையைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுவது இரண்டுக்கும் பொது.

வேகம்: பசைதான். ஒரு தடவல், ஒரு அழுத்தம், முடிந்தது. நூல் ஒவ்வொரு மூலையிலும் நின்றுதான் போகும்.

செலவு: நூலுக்கு மிச்சக்கண்டு போதும். பசைப் பேனா தீர்ந்துகொண்டே இருக்கும்.

இணைக்கும்போது: இங்கேதான் பசை காலை வாரும். விளிம்பு வரை தடவிவிட்டால் மடிப்பு விறைத்துப்போய் ஊசி நுழைய அடம்பிடிக்கும். மடிப்பின் ஓரத்தில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் கோத்து இழுக்கும் வேலை இது. விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பொட்டு வைத்தால் போதும். இதைக் கற்பதற்குள் நான் இரண்டு ஊசிகளை வளைத்துவிட்டேன்.

அட்டையை எடுப்பது: மூலைகளில் துணியை மட்டும் பிடித்துத் தைத்திருந்தால், ஆறு பக்கமும் இணைந்தபின் அட்டை கசங்காமல் நழுவி வரும், நூலைப் பிரிக்கவும் வேண்டாம். பசையென்றால் உரிக்க வேண்டும், சில சமயம் அட்டையும் கிழியும்.

ஒரே மாலையில் ஐம்பது துண்டுகள் தயாராக வேண்டுமா, பசை. மாதக்கணக்கில் டப்பாவில் கிடக்கப்போகும் துண்டுகளுக்கு நூல். என் டப்பாவில் நூல்தான் அதிகம்.