1657 செப்புத்தகட்டு அச்சு என்று விற்றார்கள், வந்தது புள்ளி அச்சு

ரோமில் பழைய அச்சுப் படம் வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள். கடையின் பெயர் வேண்டாம்.

பலாட்சோ ஃபார்னேசே மாளிகையின் விதானத்தில் ஓவியர் அன்னிபாலே கராச்சி 1597இல் தொடங்கி தெய்வங்களின் காதல்களைச் சுவரோவியமாகத் தீட்டினார். மாளிகை இப்போது பிரெஞ்சுத் தூதரகம். நினைத்தவுடன் நுழைய முடியாது. அதனாலேயே அவற்றைப் பார்த்துச் செப்புத்தகட்டில் செதுக்கி எடுத்த அச்சுகளுக்கு மவுசு. கார்லோ சேசியோ செதுக்கிய தொகுப்பு 1657இல் வெளிவந்தது. அதிலிருந்து காதல் தெய்வம் வீனஸும் அவள் காதலன் அங்கைசீஸும் என்று சொல்லி 240 யூரோ வாங்கினார்கள். கட்டிலோரம் அமர்ந்து அங்கைசீஸ் அவள் செருப்பைக் கழற்றும் காட்சி. அழகுதான், யார் இல்லை என்றார்கள்?

பிரேமைத் திறந்து காட்டச் சொன்னால், "காகிதம் நொறுங்கிவிடும்" என்றார் கடைக்காரர். வீட்டில் திறந்தோம். நொறுங்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் காகிதம் மொழுமொழுவென்று இருந்தது. 1657இல் காகிதம் கம்பிச் சல்லடையில் செய்தது. கோடுகோடாகத் தெரிய வேண்டும். லென்ஸ் வைத்தால் வீனஸின் கால் முழுக்கப் புள்ளிகள், செய்தித்தாள் படம் போல. செதுக்கிய கோடு இப்படியா இருக்கும்? நடுவில் தடித்து நுனியில் மெலியும், மை விரலுக்கு லேசாகத் தட்டுப்படும். போட்டோவைப் புள்ளிகளாக்கி அடிக்கும் புள்ளி அச்சோ 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரவியது.

படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் மட்டும் இருந்தது. வெற்றுத் தகட்டை வைத்து அழுத்தினாலும் அந்தத் தடம் விழும், அதை நம்பாதீர்கள். படத்தின் அடியில் பொறித்த பெயர்களையும் ஆண்டையும்கூட நம்ப முடியாது. போட்டோ எடுத்து அச்சடித்தால் அவையும் சேர்ந்தே வரும். அசல் தகடே ஆனாலும், அதிலிருந்து பல காலம் கழித்தும் பிரதி எடுப்பார்கள். தகட்டின் வயது வேறு, காகிதத்தின் வயது வேறு.

திரும்பப் போய்க் கேட்டோம். பில்லைக் காட்டினார்: "பழைய அச்சு" என்று மட்டும் இருந்தது. 1657 என்பது வாயால் சொன்னதாம்! வேறு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் கிடையாது என்று முடித்துவிட்டார். ஆகவே செதுக்கியவர் பெயர், ஆண்டு, அச்சு முறை மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் சரி, அடுத்த கடை.

கார்டில் கட்டியதால் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். ரொக்கமாகத் தந்தால் முப்பது யூரோ குறைக்கிறேன் என்று அவர் அத்தனை முறை ஏன் வற்புறுத்தினார் என்பது இப்போதுதான் புரிகிறது.