கோர்சிக் கணக்கோடு பதினொரு பருவங்கள்: ஒரு பயன்பாட்டு அனுபவம்

ஸ்காபறோவில் இருக்கும் என் அக்காவின் மகன் அனுப்பிய ஒரு குரல் செய்திதான் இதை எழுதுவதற்குக் காரணம். ஐஸ் ஹொக்கி வீரர் மிட்ச் மார்னர் ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணியை விட்டு வேகாஸ் அணிக்குப் போன கிழமை அது. ஒரே பருவத்தில் 27 கோல்களும், மற்றவர்கள் கோல் போட வழிசெய்த 75 உதவிகளுமாக 102 புள்ளிகள் எடுத்த ஒருவர் போய்விட்டால் மேப்பிள் லீஃப்ஸ் அணி என்ன ஆகும் என்ற கவலை அவனுக்கு. "மாமா, உங்களை மாதிரி நானும் ஒரு கொப்பி போட்டுக் கணக்கு எழுதட்டா? அதால பிரயோசனம் இருக்கா?" என்று கேட்டிருந்தான். ஒரு சொல்லில் பதில் சொல்ல முயன்றேன், முடியவில்லை. ஐஸ் ஹொக்கியின் விதிகளும், பருவத்தின் அமைப்பும் வாசிப்பவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, கோல் முயற்சிகளை எண்ணும் இந்தக் கோர்சிக் கணக்கோடு பதினொரு பருவங்கள் வாழ்ந்த அனுபவத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நான் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். ஒரு நெல் ஆலையில் கணக்கெழுதுவது தொழில். ரொறன்ரோவில் குளிர்காலத்து மாலை 7 மணிக்கு ஓர் ஆட்டம் தொடங்கினால் இங்கே மறுநாள் காலை 5.30 ஆகியிருக்கும். முதல் இருபது நிமிடப் பகுதி முடிவதற்குள் வீட்டு வேலைகள் தொடங்கிவிடும், மூன்றாவது பகுதி ஆடப்படும் நேரத்தில் நான் ஆலைக்குப் புறப்பட்டிருப்பேன். முழு ஆட்டத்தையும் ஒளிபரப்பில் பார்ப்பதற்கு வேண்டிய டேட்டாவும் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. எண்களுக்கோ எந்தச் செலவும் இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், யார் எத்தனை முறை கோலை நோக்கி அடித்தார்கள் என்பது வந்து விழும். பார்க்க முடியாத ஓர் ஆட்டத்தை மனத்தில் கட்டி எழுப்ப எனக்குக் கிடைத்த வழி அதுதான்.

தொடங்கியது 2014 ஒக்டோபரில். அதற்கு முந்திய பருவத்தில் நடந்த ஒன்று என்னை உலுக்கியிருந்தது. 2013-14இல் லீஃப்ஸ் அணி மார்ச் நடுப்பகுதி வரை வசதியான இடத்தில் இருந்தது. ஆனால் ஆட்டத்துக்குச் சராசரியாக 35க்கும் மேற்பட்ட ஷொட்களை, அதாவது வலையைக் குறிபார்த்து வந்த அடிகளை, எதிரணிக்கு விட்டுக்கொடுத்து வந்தது. லீக்கில் வேறெந்த அணியும் அவ்வளவு விட்டுக்கொடுக்கவில்லை. கோல் காப்பாளர் தாங்கிப்பிடிக்கும் வரைதான் இந்த வெற்றிகள் என்று எண்களைப் பார்ப்பவர்கள் பருவம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அணியின் பக்கம் நின்றவர்கள் அதைக் கேட்கவில்லை. கடைசி 14 ஆட்டங்களில் 12இல் தோற்று, அட்டவணையில் 84 புள்ளிகளோடு, பிளே-ஓஃப் என்னும் பருவ முடிவுச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பையும் இழந்தது அணி. எண்ணைப் பார்த்தவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்ற ஆதங்கத்தில் நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன்.

கொப்பியின் முக்கிய நிரலில் கோர்சி எண் இருக்கும். இரு தரப்பிலும் ஐவர் ஆடும் நேரத்தில் நம் அணி எடுத்த கோல் முயற்சிகள் எத்தனை, எதிரணி எடுத்தவை எத்தனை என்று எண்ணி, மொத்தத்தில் நமது பங்கை வீதமாக எழுதுவது அது. வலைக்குள் போக வந்தது, வெளியே போனது, இடையில் ஒரு வீரரின் உடலில் பட்டுத் தடுக்கப்பட்டது என எல்லாமே முயற்சிக் கணக்கில் சேரும். பஃபலோ சேபர்ஸ் அணியின் கோல் காப்பாளர் பயிற்றுநராக இருந்த ஜிம் கோர்சி, தம் காப்பாளர்கள் ஓர் ஆட்டத்தில் உண்மையில் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று அறிவதற்காக இப்படி எண்ணியதால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. கோலை விடப் பன்மடங்கு அதிகமாக நடக்கும் ஒன்றை எண்ணுவதால், ஒரு சில ஆட்டங்களின் அதிர்ஷ்டம் இதை எளிதில் குழப்பிவிடாது.

இந்த நிரல் எனக்குத் தந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2015-16இல் லீஃப்ஸ் அணி 69 புள்ளிகளோடு 30 அணிகளில் 30ஆவதாக வந்தது. தொலைபேசியில் மச்சான்மார் எல்லோரும் அந்த அணியைக் கைவிட்டுவிட்ட பருவம் அது. என் கொப்பியிலோ கோல் முயற்சிப் பங்கு பாதிக்கு மேலே நின்றது. தோற்ற ஆட்டங்களிலும் பக் (ஆடும் வட்டு) பெரும்பாலும் எதிரணியின் பக்கத்திலேயே கிடந்தது. கோல் போடத் திறமையுள்ளவர்களும் நல்ல காப்பாளரும்தான் இல்லை, ஆட்டம் சரியாகத்தான் இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். அந்த ஜூனில் புதிய வீரர்களை அணிகள் தெரிவு செய்யும் நிகழ்வில் ஒஸ்ரன் மத்யூஸ் எங்கள் முதல் தெரிவாக வந்தார், அடுத்த பருவத்தில் அணி 95 புள்ளிகள் எடுத்துப் பிளே-ஓஃப் சுற்றுக்குப் போனது. ஓர் ஆட்டத்தைக் கூட முழுதாகப் பார்க்காத ஒருவன், பனிக்கட்டி அரங்கு ஒன்றின் குளிரை வாழ்நாளில் உணராத ஒருவன், கடைசி இடத்தில் கிடந்த அணியின் எழுச்சியை முன்பே கண்டுகொண்டான் என்றால் அது இந்த எண்ணின் வலிமைதான்.

2022ஐயும் சொல்ல வேண்டும். அந்த மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று வந்து, மின்சாரம் இருக்கும் இடைவெளியில் கைத்தொலைபேசிக்குச் சக்தி ஏற்றி, இரண்டு மூன்று ஆட்டங்களின் எண்களைச் சேர்த்து எடுத்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதிய பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மெழுகு சொட்டிய இடத்தில் பேனை ஓடாமல் ஓர் எண் பாதியில் நிற்கிறது. மத்யூஸ் 60 கோல்களை எட்டியதும், அணி 115 புள்ளிகள் எடுத்து அதுவரை தன் வரலாற்றில் இல்லாத உயரத்துக்குப் போனதும் அந்தப் பருவத்தில்தான். நாட்டில் எதுவும் ஒழுங்காக நடக்காத நாட்களில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒன்றாக அந்த நிரல் எனக்கு இருந்தது.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். அது கொப்பியின் கடைசி நிரலைப் பற்றியது. பிடிஓ என்று அதைச் சொல்வார்கள். அந்த மூன்று எழுத்துகளுக்கு விரிவு எதுவும் இல்லை, இணையத்தில் ஒருவர் வைத்திருந்த புனைபெயரே எண்ணின் பெயராகிவிட்டது. அணி அடித்த ஷொட்களில் கோலானவை எத்தனை வீதம் என்பதையும், அணியின் காப்பாளர் தடுத்தவை எத்தனை வீதம் என்பதையும் கூட்டினால் வருவது பிடிஓ. லீக் முழுவதையும் சேர்த்தால் அது சரியாக 100 ஆகும், ஏனென்றால் ஒருவர் போடும் கோல் இன்னொருவர் தடுக்காத ஷொட். ஆகவே 100க்கு வெகு மேலே நிற்கும் அணி காலப்போக்கில் கீழே இறங்கும், வெகு கீழே கிடக்கும் அணி ஏறும். மிகச் சிறந்த காப்பாளரோ கோல் அடிப்பவர்களோ உள்ள அணிகள் சற்று மேலேயே நிலைப்பதுண்டு. அதற்கு மேல் உள்ளதெல்லாம் கடன் வாங்கிய வெற்றி.

இந்த நிரல் "இது நிலைக்காது" என்று சொல்லும். எப்போது முடியும் என்று ஒருநாளும் சொல்லாது. பதினொரு வருடமாக என்னை வாட்டுவது இதுதான்.

2024-25 பருவத்தில் அணி 52 வெற்றிகளும் 108 புள்ளிகளும் எடுத்துத் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. நைலாண்டர் 45 கோல்கள், டவரஸ் 38. டிசம்பரில் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட காப்பாளர் ஸ்டோலார்ஸ், தாம் ஆடிய 34 ஆட்டங்களில் 92.6 வீதம் தடுத்தார். அதே பருவத்தில் லீக்கின் சராசரி ஏறத்தாழ 90 வீதம்தான். 1000 ஷொட்களுக்கு 26 கோல்கள் குறைவு என்பது ஒரு பருவத்தின் இடத்தையே மாற்றும் வேறுபாடு. ஆனால் கோர்சி நிரலில் கோல் முயற்சிப் பங்கு பாதிக்குக் கீழேயே கிடந்தது, கடைசி நிரலோ 100க்கு மேலே நின்றது. பயிற்றுநர் பெரூபே எதிரணியைத் தூரத்திலிருந்து அடிக்க விட்டு உடலால் தடுக்கச் சொல்கிறார், தடுத்த ஷொட்டையும் கோர்சி எதிரணிக்கு வரவு வைக்கிறது, அதனால்தான் எண் கீழே தெரிகிறது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். தடுக்கப்பட்டவற்றை விலக்கி எண்ணும் ஃபென்விக் முறையில் ஓர் இரவு முழுவதும் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனம் எதிர்பார்த்த அளவுக்கு அது ஏறவில்லை.

அதன் விளைவு என்ன தெரியுமா? ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஒரு வெற்றியையும் நான் அனுபவிக்கவில்லை. அக்கா விடியற்காலையில் மகிழ்ச்சியோடு அழைத்து "தம்பி, வெண்டிட்டாங்கள்" என்று சொல்லும்போது, நான் கடைசி நிரலில் எழுதப் போகும் எண்ணை நினைத்துப் பயந்துகொண்டு "ம்" என்று மட்டும் சொன்ன காலைகள் பல. 2004க்குப் பிறகு இந்த அணி பிளே-ஓஃப் தொடர் ஒன்றை வென்ற இரண்டாவது பருவம் அது. ஒட்டாவாவை 4-2 என்று வென்றதைக் கூட நான் கொண்டாடவில்லை.

பிறகு அடுத்த சுற்றில் எதிரணியாகப் புளோரிடா வந்தது. முதல் ஆட்டத்திலேயே எதிரணி வீரர் ஒருவரின் முழங்கை தலையில் பட்டு ஸ்டோலார்ஸ் வெளியேறினார். முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்ற அணி அடுத்த மூன்றையும் தோற்றது. ஆறாவது ஆட்டத்தில் மாற்றுக் காப்பாளர் வோல் ஒரு கோலும் விடாமல் 2-0 என்று காத்துக்கொடுத்தார். மே 19 திங்கட்கிழமை காலை, ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று தோல்வி. கடைசி நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து ரொறன்ரோ போட்டவை 4 கோல்கள். பருவம் முழுவதும் உயரத்தில் நின்ற இரண்டு வீதங்களும் ஒரே கிழமையில் சேர்ந்து விழுந்தன. நிரல் சொன்னது நடந்தது. அதை எழுதும்போது எண் சரியாக வந்ததே என்ற நிறைவு துளியும் எனக்கு வரவில்லை.

நியாயமாகப் பேசினால் குறை எண்ணில் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வது, பானை முழுவதும் ஒரே கொதியில் வேகிறது என்பதால்தான். ஆலைக்கு நெல் வந்தால் ஒரு சாக்கில் மட்டும் கைவிட்டுப் பார்த்து ஈரப்பதம் 14 வீதம் என்று எழுத மாட்டோம். லொறியின் அடியிலும் நடுவிலும் மேலும் உள்ள சாக்குகளில் இருந்து எடுத்துக் கலந்துதான் பார்ப்போம். ஒரு தொடரில் ஒரு காப்பாளர் எதிர்கொள்ளும் ஷொட்கள் சுமார் 200. சராசரியான காப்பாளருக்கு அதில் 20 கோல்கள் விழ வேண்டும். ஆனால் அவருடைய திறமையில் எந்த மாற்றமும் இல்லாமலே, வெறும் தற்செயலால் மட்டும், 16 விழுவதும் 24 விழுவதும் வெகு சாதாரணம். எட்டு கோல்களின் இடைவெளியில் ஒரு தொடர் தலைகீழாகும். இதை அறிந்துகொண்டு ஏழு ஆட்டங்களின் முடிவை எண்ணிடம் கேட்பது, ஒரு சாக்கைப் பார்த்து லொறிக்கு விலை சொல்வதைப் போன்றது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் தணியவில்லை. ஏனென்றால் நல்ல எண்ணோடு போன பருவங்களும் அதே இடத்தில்தான் முடிந்தன. 2021இல் தன் பிரிவில் முதலாவதாக வந்து, மத்யூஸ் 52 ஆட்டங்களில் 41 கோல்கள் போட்ட அணி, மொன்றியலிடம் 3-1 என்று முன்னிலையில் இருந்து தோற்றது. அந்தத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் மத்யூஸ் போட்டது ஒரே ஒரு கோல். நான் கொப்பி எழுதத் தொடங்கியதிலிருந்து 2018, 2019, 2021, 2022, 2024, 2025 என்று ஆறு முறை ஏழாவது ஆட்டம் வந்திருக்கிறது, ஆறிலும் தோல்வி. எண் நன்றாக இருந்தாலும் தோல்வி, இல்லாவிட்டாலும் தோல்வி என்றால், ஏழு மாதங்கள் என் காலை நேரத்தைக் கெடுத்து அந்தக் கடைசி நிரல் எனக்குச் சொல்லித்தந்தது என்ன?

மருமகனுக்கு நான் எழுதிய பதில், வேண்டாம் என்பதுதான். மேலே சொன்ன நன்மைகள் எல்லாம் உண்மை, அவற்றில் ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. கோர்சி எண்ணைப் போல ஓர் அணியின் உள்ளதைக் காட்டும் வேறொன்றை நான் பயன்படுத்தியதில்லை. ஆனால் நான் எண்ணைத் தேடிப் போனது ஆட்டம் எனக்குக் கிடைக்காததால். அவனுக்கு மாலை 7 மணிக்கு, அம்மாவுக்குப் பக்கத்தில், வீட்டுக் கூடத்திலேயே ஆட்டம் கிடைக்கிறது. பதினைந்து வயதில் 108 புள்ளிகள் எடுக்கும் ஒரு பருவம் அவனுக்குக் கிடைத்தால், அதை அவன் என்னைப் போலப் பயந்து கழிக்கக் கூடாது. அவனுடைய கேள்விக்கும் நேரடியாகவே பதில் சொன்னேன். மார்னரின் 102 புள்ளிகளை வேறொருவர் தனியாக நிரப்ப மாட்டார், முயற்சிப் பங்கு பாதிக்கு மேலே ஏறாவிட்டால் அடுத்த பருவம் கடினமாக இருக்கும்.

பன்னிரண்டாவது கொப்பியைச் சென்ற ஞாயிறு வாங்கி, ஒக்டோபருக்காகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். திகதி, எதிரணி, முடிவு, எடுத்த முயற்சி, கொடுத்த முயற்சி, பங்கு என்று ஆறு நிரல்கள். பிடிஓ எழுதும் ஏழாவதற்கு இடம் விடவில்லை.