ஒன்பதாம் நாளில் கழன்று விழுந்த பெடல்: மகளுக்கு மலை சைக்கிள் வாங்குவோர் கவனத்துக்கு

ஒன்பது வயது மகளுக்கு வாங்கிய புதிய மலை சைக்கிளின் இடப்பக்கப் பெடல், வாங்கிய ஒன்பதாம் நாள், அவள் ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தபோது கிராங்கிலிருந்து (பெடலைத் தாங்கிச் சுற்றும் கை) பெயர்ந்து கழன்றது. அவள் குறுக்குக் கம்பியில் மோதி இடப்பக்கமாகச் சரிந்தாள். தலையில் ஹெல்மெட் இருந்ததால் முழங்கைச் சிராய்ப்போடும் தொடையில் ஒரு கன்றலோடும் போயிற்று. தரையில் கிடந்த பெடலை எடுத்துப் பார்த்தபோது, அதன் திருகு மரையின் இடுக்குகளில் அலுமினியச் சுருள்கள் பென்சில் சீவலைப் போல மெல்லியதாக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சுருள்களைப் பார்த்த பிறகுதான், எங்களுக்கு விற்கப்பட்டது என்ன என்பதை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன்.

சைக்கிளின் வலப்பக்கப் பெடலில் வழக்கமான மரையும் இடப்பக்கப் பெடலில் அதற்கு எதிர்த்திசையில் திரும்பும் மரையும் இருக்கும். மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஒழுங்காகப் பொருத்தப்படும் பெடல் முதல் சில சுற்றுகள் விரலாலேயே உள்ளே போகும், கடைசியில் கிராங்கோடு இடைவெளியின்றி ஒட்டி நிற்கும். எங்கள் சைக்கிளின் பாகங்களைப் பொருத்தியவர் பெடலைக் கோணலாக வைத்து ஸ்பேனரால் வலுவாக முறுக்கியிருக்கிறார். எஃகு அச்சு, தன்னைவிட மென்மையான அலுமினியக் கிராங்கின் மரையை அன்றே சீவிவிட்டது. ஒன்பது நாள் அது தாங்கியதே பெரிது.

கடையில் நடந்ததைச் சொல்கிறேன். மகளின் உயரம் 132 சென்டிமீட்டர். அவளுக்கு 24 அங்குலச் சக்கரம்தான் சரி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டே போயிருந்தேன். ஆனால் கடைக்காரர், "வளர்ற பொண்ணு சார், 26 எடுத்துட்டீங்கன்னா ரொம்ப நாளைக்குக் கவலையில்லை" என்றார். முன்னும் பின்னும் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன், இரண்டு டிஸ்க் பிரேக், 21 கியர் என்று வரிசையாக எடுத்துச் சொல்லி, இத்தனையும் இந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது என்றும் சொன்னார். அதே வண்டியில் ஊதா நிறமும் பூப்படமும் போட்டதை "பெண் பிள்ளைகளுக்கான மாடல்" என்று காட்டி, அதற்கென்று கூடுதலாக ஒரு தொகையும் வாங்கிக்கொண்டார். சட்டமும் (ஃபிரேம்) பாகங்களும் ஒன்றே என்பதை நான் அருகருகே நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த நாள் முதல் அவளால் மேட்டில் ஏற முடியவில்லை. பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவாள். மூன்றாம் நாள் கடைக்குப் போய்ச் சொன்னபோது, "பெண் பிள்ளைக்குக் காலில் பலம் அவ்வளவுதான் இருக்கும், பழகினால் சரியாகிவிடும்" என்ற பதில் அவள் காது கேட்கவே வந்தது. அவள் அதை நம்பிவிட்டாள். தனக்குத்தான் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்த வாரம் முழுவதும் சாயங்காலங்களில் யாரும் சொல்லாமலே அந்த மேட்டில் ஏறி ஏறிப் பழகினாள். பெடல் கழன்றது அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தில்தான். காயத்தைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

பிறகு அந்தச் சைக்கிளைத் தராசில் வைத்தோம்: 16 கிலோ 400 கிராம். மகளின் எடை 27 கிலோ. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 42 கிலோ சைக்கிளை மேட்டில் ஏற்றுவதும் இதுவும் ஒன்றுதான். அந்த எடையில் கணிசமான பங்கு, எங்களுக்குப் பெருமையாகக் காட்டப்பட்ட சஸ்பென்ஷனுடையது. மலிவு சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்குக்குள் இருப்பது பெரும்பாலும் வெறும் எஃகுச் சுருள்வில். அது பெரியவர்களின் எடைக்குச் செய்யப்பட்டிருந்தால் 27 கிலோ குழந்தை ஏறும்போது அசைவதேயில்லை. பின்பக்க வில்லோ, எழுந்து நின்று மிதிக்கும்போது அவள் உந்துதலில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொண்டது. கிராங்கின் உட்புறம் 170 என்று பொறித்திருந்தது. அது பெரியவர்களுக்கான மில்லிமீட்டர் அளவு. 24 அங்குலச் சிறுவர் சைக்கிள்களில் 140 முதல் 152 வரைதான் வழக்கம். நீளக் கிராங்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் முழங்கால் வயிறு வரை மடங்கி எழுந்திருக்கிறது.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனபோது அவர் பார்த்ததும் சொன்னது இன்னும் மோசம்: முன் ஃபோர்க் முன்பின் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தது. சாதாரணமாக டிஸ்க் பிரேக்கின் தகட்டைக் கவ்வும் பகுதி, ஓட்டுபவரின் இடப்பக்க ஃபோர்க் காலில் பின்புறமாக இருக்கும். எங்களுடையதில் அது வலப்பக்கம் முன்னால் இருந்தது. இப்படி இருந்தால் முன்சக்கரம் சட்டத்தை நெருங்கிவிடும், திருப்பும்போது கால்விரல் டயரில் இடிக்கும், ஹேண்டில்பாரைத் திருப்புவதும் இயல்பாக இருக்காது. பிரேக் லீவர்களும் அவள் விரலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. லீவரின் அடியில் இருந்த ஒரு சிறு திருகைத் திருப்பினாலே அவை கிட்டே வந்திருக்கும். அதைக்கூட யாரும் செய்யவில்லை. சட்டத்தின் கீழ்ப்பகுதியில், பார்வையில் படாத இடத்தில், கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கானதல்ல என்று ஒரு சிறு ஒட்டுத்தாள் வேறு இருந்தது. மலை சைக்கிள் என்ற பெயரில் விற்ற வண்டியில்!

ஐஎஸ்ஓ 4210 என்ற பன்னாட்டுத் தரநிலையில் இளையோர் மிதிவண்டி ஒரு வகை, மலை மிதிவண்டி வேறொரு வகை. ஆகவே எந்த வகைக்குச் சோதிக்கப்பட்டது என்று கேட்பது நியாயமான கேள்வி. நான் கேட்கவில்லை. கடைக்காரரோ, ஓட்டிவிட்ட வண்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்.

குறைந்த பணத்தில் வாங்குவோருக்கு என் அனுபவத்திலிருந்து சொல்வது இது: சஸ்பென்ஷனையும் டிஸ்க் பிரேக்கையும் கியர் எண்ணிக்கையையும் தயங்காமல் விட்டுவிடுங்கள். அசையாத ஃபோர்க், ஏறக்குறைய 2 அங்குல அகல டயர், ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக், முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 7 அல்லது 8 கியர் இருந்தால் போதும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் காற்றைச் சற்றுக் குறைத்தாலே, எடை குறைந்த குழந்தைக்கு அந்த மலிவு வில்லைவிட நல்ல மெத்தென்ற ஓட்டம் கிடைக்கும். குழந்தையைக் கடைக்குக் கூட்டிச் செல்லுங்கள்; இரு காலையும் ஊன்றி நின்றால் குறுக்குக் கம்பிக்கு மேல் நான்கு விரலாவது இடைவெளி வேண்டும், உட்கார்ந்தபடியே பிரேக்கை அவள் விரலால் இழுத்துச் சக்கரத்தை நிறுத்த முடிய வேண்டும். பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவதால் அதிகம் தேயாத நல்ல பழைய சைக்கிள்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. நாங்கள் இப்போது வாங்கியிருப்பதும் அப்படியொரு 24 அங்குலச் சைக்கிள்தான், எடை 10 கிலோ 800 கிராம். முதல் நாளே அவள் அந்த மேட்டில் இறங்காமல் ஏறினாள்.

அண்மையில் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கியவர்கள் அடுத்த முறை ஓட்டவிடும் முன் இடப்பக்கப் பெடல் கிராங்கைத் தொடும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளியோ சாய்வோ உலோகத் துருவலோ தெரிந்தால், அதை நீங்களே இறுக்கிப் பார்க்காமல், படம் எடுத்து வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.